கை இங்கே, மனம் எங்கே?

ஆட்டுக்கல்லில் மாவரைத்தவர்களுக்குத் தெரியும், அந்த வேலை இரண்டு கைக்கும் தனித்தனி வேலை கொடுக்கும். வலக்கை குழவியைச் சுற்றும். இடக்கை, ஓரத்தில் ஏறி ஒதுங்கும் உளுந்தைக் குழிக்குள் தள்ளிவிடும். குழவி அந்தப் பக்கம் வருவதற்குள் விரல்கள் விலகிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் நசுங்கும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் உளுந்து பொங்காது; தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். முதலில் கரகரவென்று கேட்கும் சத்தம் மெல்ல மெல்ல அடங்கும். மாவு திரண்டு வரும்போது ஒரு துளியைக் கிள்ளித் தண்ணீரில் போடுவார்கள், மிதந்தால் பதம். காது, கண், விரல், தோள் எல்லாம் ஒரே இடத்தில் கூடி நின்றால்தான் மறுநாள் இட்லி மெத்தென்று வரும்.

இன்று ஊறவைத்த உளுந்தைக் கிரைண்டரில் போட்டு, ஸ்விட்சைத் தட்டிவிட்டு, கூடத்துக்கு வந்து கைபேசியை எடுக்கிறோம். நடுவில் ஒருமுறை எழுந்துபோய்த் தண்ணீர் விடும்போதும் ஒரு கண் திரையிலேயே இருக்கிறது. பல வீடுகளில் அந்த வேலையும் இல்லை. தெருமுனைக் கடையில் மாவு பாக்கெட் கிடைக்கிறது.

உழைப்பு குறைந்தது நல்லது. அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் உழைப்போடு சேர்ந்து, செய்யும் வேலையில் மனம் நிற்கும் பழக்கமும் கரைந்து போயிருக்கிறது. அன்று நம் கவனத்தை வேலையே பிடித்து வைத்திருந்தது. இன்று அதை நாமாகத்தான் பிடித்து வைக்க வேண்டும். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

வேலை பிடித்து வைத்த கவனம்

அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய அரிசியில் கல் இருப்பது அன்று எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முறத்தில் போட்டுப் புடைத்து, தவிடும் குருணையும் போக்கி, வெளிச்சத்தில் வைத்துக் கல் பொறுக்குவார்கள். அதற்குப் பிறகும் நம்பிக்கை வராது. உட்புறம் வரிவரியாகக் கீறிய அரிக்கன்சட்டியில் தண்ணீர் விட்டு, சாய்த்துச் சாய்த்து அரிப்பார்கள். அரிசி தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும். மணலும் பொடிக்கல்லும் அந்த வரிகளில் தங்கும். இன்று அரிசி ஆலையிலேயே கல் நீக்கும் இயந்திரமும், கறுத்த மணியைத் தனியே தள்ளும் சார்டெக்ஸ் இயந்திரமும் இருக்கின்றன. பையைப் பிரித்து, இரண்டு தண்ணீரில் களைந்து, குக்கரில் வைத்துவிடலாம்.

கோலமும் அப்படித்தான். புள்ளிக் கோலத்தில் ஒரு வரிசையில் ஒரு புள்ளி கூடிவிட்டாலே முழுக் கோலமும் முட்டி நிற்கும். சிக்குக் கோலத்தில் கோடு எங்கே வளைய வேண்டும் என்பது விரலுக்குத் தெரிந்தால் போதாது, மனத்திலும் ஓட வேண்டும். விறகடுப்பு இன்னும் கண்டிப்பானது. ஊதுகுழலை வைத்துவிட்டு நகர்ந்தால் அடுப்பு அணையும். விறகைக் கூடுதலாகத் தள்ளினால் பால் பொங்கி வழியும். வயலில் ஏற்றம் இறைத்தவர்கள் எத்தனை சால் தண்ணீர் இறைத்தோம் என்ற கணக்கைப் பாட்டிலேயே வைத்திருந்தார்கள். பாட்டு களைப்பையும் ஆற்றியது, எண்ணிக்கை தவறாமலும் காத்தது.

இதையெல்லாம் பொற்காலம் என்று பாடிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தவர்கள் பெண்கள். அடுப்புப் புகையில் கண் எரிந்தவர்களும் அவர்களே. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, ஆறிப்போன சோற்றை அடுக்களை மூலையில் கடைசியாகச் சாப்பிட்டவர்களும் அவர்களே. அவர்கள் மனம் முழுக்க வேலையிலேயே லயித்திருந்தது என்று நாம் கற்பனை செய்துகொள்வது நியாயமல்ல. பிள்ளையின் காய்ச்சல், மாமியாரின் சொல், கட்ட வேண்டிய கடன் எல்லாம் அந்தக் குழவியோடு சேர்ந்து சுற்றியிருக்கும். ஆனாலும் விரல் நசுங்கும் என்ற பயமும், பதம் தவறக் கூடாது என்ற அக்கறையும் அலைந்த மனத்தை நிமிடத்துக்கு நிமிடம் கைக்குத் திருப்பிக் கொண்டுவந்தன. அந்தத் திருப்பம் அன்றைய வேலைக்குள்ளேயே இருந்தது.

படிப்படியாக வந்த மாற்றம்

இந்த மாற்றம் ஒரே நாளில் நேர்ந்ததில்லை. கோயம்புத்தூரில் 1955-ஆம் ஆண்டு வாக்கில் உருவான வெட் கிரைண்டர், அடுத்த சில பத்தாண்டுகளில் உணவகங்களிலிருந்து நடுத்தர வீடுகளுக்கு வந்தது. பின்னால் அந்த ஊரின் பெயரிலேயே அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தையும், 2011-இல் இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தையும் கொண்டுவந்தது. குடிசை வீட்டுப் பெண்ணுக்கும் ஆட்டுக்கல்லிலிருந்து விடுதலை கிடைத்தது. 2016-இல் ஜியோ வந்ததும் டேட்டா விலை சரிந்தது. கையடக்கத் திரை எல்லார் மடியிலும் ஏறியது.

இந்த வரிசையைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஒரு பக்கம் கையை விடுவிக்கும் இயந்திரங்கள் வந்தன. இன்னொரு பக்கம் கண்ணைப் பிடித்து வைக்கும் இயந்திரங்கள் வந்தன. இரண்டும் ஏறக்குறைய ஒரே தலைமுறைக்குள் வீட்டுக்குள் நுழைந்தன. கிரைண்டர் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் நம் கைக்கு வந்து சேருமுன்பே திரை அதை வாங்கிக்கொண்டது.

மனம் அலைவது புதிய நோயல்ல. 2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் ஐபோன் செயலி வழியாக, எதிர்பாராத நேரங்களில் மூன்று கேள்விகள் கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள்? பதில்களில் 46.9 சதவீதம், செய்யும் வேலையை விட்டு மனம் வேறெங்கோ இருந்த தருணங்கள். அப்படி அலையும்போது மக்கள் மகிழ்ச்சி குறைந்தே இருந்தார்கள். இனிமையான நினைவில் அலைந்தபோதுகூட, செய்யும் வேலையில் இருந்தபோது கிடைத்ததைவிடக் கூடுதல் மகிழ்ச்சி கிடைக்கவில்லை. ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இது.

ஆக, மனம் எப்போதும் அலையும். அன்று அதை அலைய வைத்தவை நம் சொந்தக் கவலைகள். இன்று அந்தக் கவலைகளோடு, நம்மைத் திரையிலேயே உட்கார வைத்தால் காசு பார்க்கும் ஒரு பெரிய வியாபாரமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. தானாக அலைந்த மனம் தானாகத் திரும்பி வரும். ஒன்று முடிவதற்குள் அடுத்த காணொளி வந்து நிற்கும்போது அது திரும்பி வர இடமே இல்லை.

நிலாவும் திரையும்

இந்த மாற்றம் மிகத் துலக்கமாகத் தெரியும் இடம் சாப்பாடு. இலையில் சோறு விழுந்ததும் நடுவில் குழி செய்து, சாம்பாரை வாங்கி, பிசைந்து, விரல் நுனியால் உருட்டி வாயில் வைப்பது நம் வழக்கம். சோற்றின் சூடு நாக்குக்குத் தெரியுமுன் விரலுக்குத் தெரியும். குழைந்ததா, விறைத்ததா என்பதையும் விரல்தான் முதலில் சொல்லும். போதும் என்றால் இலையின்மேல் கையைக் காட்டி மறிக்க வேண்டும். அதற்கு வயிறு என்ன சொல்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். இன்று ஒரு கை தட்டில், இன்னொரு கை கைபேசியில். “குழம்பில் உப்பு சரியா?” என்று யாராவது கேட்டால் பாதித் தட்டு காலியான பிறகுதான் முதல் வாயை ருசி பார்க்கிறோம். கவனம் வேறெங்கோ இருக்கும்போது மனிதர்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அடுத்த வேளையிலும் அதன் விளைவு தெரிகிறது. என்ன சாப்பிட்டோம் என்ற நினைவே மங்கலாக இருப்பதால் பசியும் கணக்கு தப்புகிறது.

குழந்தைகள் விஷயம் இன்னும் வருத்தமானது. திரையில் பாட்டு ஓடுகிறது. குழந்தை கண்ணை எடுக்காமல் வாயைத் திறக்கிறது. கரண்டி உள்ளே போகிறது. உள்ளே போனது பருப்புச் சோறா, ரசம் சோறா என்று அதற்குத் தெரியாது. அந்தக் காலத்தில் நிலாவைக் காட்டி ஊட்டினோமே, அதுவும் கவனத்தைத் திருப்புவதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நிலாவைத் தாயும் பார்த்தாள், குழந்தையும் பார்த்தது. “நிலாவுக்கு ஒரு வாய், பாப்பாவுக்கு ஒரு வாய்” என்று பேச்சு நடந்தது. குழந்தை முகம் சுளித்தால் தாய்க்குத் தெரிந்தது. திரையின் முன் குழந்தை தனியாக இருக்கிறது. பெரும்பாலும் ஊட்டுகிறவரும் தனியாகத்தான் இருக்கிறார். இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியிருக்கிறது. அதற்காக ஊட்டும் தாயை மட்டும் குறை சொல்வது தவறு. வேலைக்கும் போய், வீட்டையும் பார்க்கும் ஒருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவ இன்னொருவர் இருக்கிறாரா என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சாலையில் இதே கவனமின்மை உயிரையே கேட்கிறது. ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே கைபேசியைச் செருகிக்கொண்டு பேசியபடி வண்டி ஓட்டுகிறவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், கையில் கைபேசியோடு ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே வகைப்படுத்தியது.

அன்றே இதைப் பயிற்சியாகச் செய்தவர்கள்

வேலை கட்டாயப்படுத்தாமலே, விரும்பி, தெரிந்தே கவனத்தைப் பழகியவர்களும் அன்று இருந்தார்கள். பௌத்தத்தின் பாலி நூல்களில் உள்ள சதிபட்டான சூத்திரம் இதற்கு மிகப் பழைய பாடம். மூச்சைக் கவனிப்பதோடு அது நிற்பதில்லை. நடப்பது, திரும்பிப் பார்ப்பது, கையை மடக்குவது, ஆடை உடுத்துவது, திருவோடு ஏந்துவது, உண்பது, மெல்வது, கழிவறைக்குப் போவது வரை ஒவ்வொன்றையும் தெளிந்த அறிவோடு செய்யச் சொல்கிறது. ஜப்பானிய ஜென் குரு டோகென் 1237-இல் மடத்துச் சமையற்காரருக்காகவே ஒரு நூல் எழுதினார். அரிசி களைவதையும் மணல் பொறுக்குவதையும் தன் கண்ணாலேயே பார்த்து, ஒரு மணியும் வீணாகாமல் செய்ய வேண்டும் என்று அதில் விரிவாகச் சொல்கிறார். அரிக்கன்சட்டி வைத்திருந்த நம் பாட்டிமார்களுக்கு அந்த நூலைப் படித்துக் காட்டியிருந்தால், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள்.

நம் மண்ணில் இதற்குக் கண்கண்ட சான்று திருவண்ணாமலை. ரமண மகரிஷி பல ஆண்டுகள் விடியுமுன்பே ஆசிரமச் சமையலறைக்கு வந்து, காய் நறுக்கி, அரைத்து, சமையலில் பங்கெடுத்தார். அவரோடு அந்தச் சமையலறையில் வேலை செய்த பெண்களும் அடியார்களும் விட்டுச்சென்ற நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரே செய்தி: எதையும் வீணாக்க விடமாட்டார், தரையில் சிந்திய அரிசியையும் பொறுக்கச் சொல்வார். இலை தைப்பதிலும், கைத்தடியை இழைத்துப் பளபளப்பாக்குவதிலும், புத்தகம் கட்டுவதிலும் அதே நேர்த்தி. தன்னை விசாரித்து அறி என்று சொன்னவர், காய் நறுக்கும் வேலையைச் சிறிதாக நினைக்கவில்லை. வேலை வேறு, தியானம் வேறு என்று பிரித்துப் பார்க்காத ஒரு வாழ்வு அது.

கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் 1996-இல் தொடங்கப்பட்ட போதி ஜென்டோ என்ற தியான மையத்தில் இந்த வழி இன்றும் நடக்கிறது. ஏசு சபைத் துறவியான ஆமா சாமி, ஜப்பானில் ஜென் பயின்று வந்து அமைத்த இடம். அங்கே உட்கார்ந்து தியானிப்பது எப்படிப் பயிற்சியோ, தோட்டத்தில் களை எடுப்பதும் அப்படியே பயிற்சி.

இன்று வகுப்பாகவும் செயலியாகவும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பழைய பாடம் மேற்கே போய், புது உருவில் திரும்பி வந்தது. வியட்நாம் துறவி திக் நாட் ஹான், போர்க்காலத்தில் கிராமங்களில் தொண்டு செய்த இளைஞர்களுக்காக 1970-களில் எழுதிய நீண்ட கடிதம் பின்னர் உலகம் முழுக்கப் படிக்கப்பட்ட நூலானது. மடத்துக்குள் ஒதுங்க முடியாதவர்கள், பாத்திரம் கழுவும்போதும் ஆரஞ்சுச் சுளை தின்னும்போதும் எப்படி விழிப்போடு இருப்பது என்பதுதான் அதன் சாரம். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின், தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக ஒரு வகுப்பு தொடங்கினார். ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, தடவி, முகர்ந்து, மெல்ல மென்று தின்னச் சொல்வது அதில் புகழ்பெற்ற முதல் பயிற்சி. அதிலிருந்து வளர்ந்த ஒரு சிகிச்சை முறையை, மனச்சோர்வு மீண்டும் மீண்டும் வருகிறவர்களுக்குப் பயன்படுத்தலாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2004-இல் பரிந்துரைத்தது. 2010-க்குப் பிறகு ஹெட்ஸ்பேஸ், காம் போன்ற தியானச் செயலிகள் வந்தன. மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் சென்னை ஓ.எம்.ஆர். அலுவலகங்களிலும் இன்று வகுப்பு நடக்கிறது.

2015-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 51 மாணவர்களைக் கொண்டு ஒரு சிறு ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர், பாத்திரத்தின் தொடுகை, சோப்பின் மணம், தண்ணீரின் வெதுவெதுப்பு ஆகியவற்றைக் கவனித்துக் கழுவச் சொல்லும் குறிப்பைப் படித்துவிட்டுக் கழுவினார்கள். மற்றவர்கள், பாத்திரத்தைச் சரியாகக் கழுவும் முறையை மட்டும் படித்துவிட்டுக் கழுவினார்கள். கவனத்தோடு கழுவியவர்களிடம் படபடப்பு குறைந்தது, உற்சாகம் கூடியது. சிறிய ஆய்வுதான், அதை வைத்து மலையைப் பெயர்க்க முடியாது. ஆனால் தினமும் செய்தே தீர வேண்டிய ஒரு வேலைக்குள் மனம் இளைப்பாற இடம் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

இந்த வகுப்புகளைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. பாட்டி இலவசமாகச் செய்ததைப் பேரன் பணம் கட்டிப் படிக்கிறான் என்று சொல்வது கைதட்டல் வாங்கும் பேச்சு. உண்மை அதில் பாதிதான். பாட்டிக்கு அது வாய்த்தது வேறு வழியில்லாததால். பேரன் தேடிப் போவது, தனக்கு எது குறைகிறது என்று உணர்ந்ததால். கட்டாயத்தில் வந்த கவனத்தைவிடத் தேர்ந்து எடுத்த கவனம் மேலானது. அதைத் தேர்ந்தெடுக்கும் வசதி, வரலாற்றில் முதல்முறையாக, சாதாரணக் குடும்பத்துப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் இன்று கிடைத்திருக்கிறது. அந்த வசதியைத் திரைக்கு எழுதிக் கொடுத்துவிடுவதுதான் என் ஆதங்கம்.

எங்கே தொடங்குவது?

நாள் முழுக்க விழிப்போடு இருப்பேன் என்று சபதம் எடுத்தால் மறுநாளே சலித்துவிடும். தினமும் செய்யும் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். காலை டிகாக்‌ஷன் இறக்குவதாக இருக்கலாம். பொடியைப் போட்டு அழுத்துவது, கொதிநீரைச் சுற்றிவர விடுவது, முதல் மணம் மூக்குக்கு வருவது, டம்ளரின் சூடு விரலில் ஏறுவது. அவ்வளவுதான் பாடம். நடுவில் மனம் அலுவலகத்துக்குப் போகும், நேற்றைய சண்டைக்குப் போகும். போனது தெரிந்ததும் கோபப்படாமல் டம்ளருக்குத் திரும்புங்கள். போகாமல் இருப்பதில் திறமை இல்லை. போனதைக் கண்டுகொண்டு திரும்புவதே பயிற்சி. எத்தனை முறை திரும்பினாலும் அத்தனையும் வரவுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். தூக்கமில்லாத இரவுகளும் வாழவே பிடிக்காத எண்ணமும் தொடர்ந்தால், பாத்திரம் கழுவிச் சரிசெய்துவிடலாம் என்று இருக்காதீர்கள். மருத்துவரிடம் போக வேண்டும். மற்றொன்று ஆண்களுக்கு. வேலையில் மனம் ஒன்றுவது நல்லது என்ற உபதேசத்தை, வீட்டுப் பெண்ணின் தலையில் எல்லா வேலையையும் கட்டிவிட்டு அவளுக்கு மட்டும் சொல்லாதீர்கள். கவனப் பயிற்சிக்குச் சிறந்த இடம் சமையலறைத் தொட்டி என்றால், அங்கே நிற்கும் முறை உங்களுக்கும் உண்டு.

ஆட்டுக்கல் திரும்பி வர வேண்டாம்; விறகடுப்பும் வேண்டாம். அந்த வேலைகளில் நம் முன்னோர்க்குத் தானாகக் கிடைத்த ஒன்றை நாம் தெரிந்தே சம்பாதிக்க வேண்டிய காலம் இது. இன்று இரவுச் சாப்பாட்டிலிருந்தே தொடங்கலாம். வீட்டில் இருக்கும் எல்லாக் கைபேசிகளையும் வேறு அறையில் வைத்துவிட்டு, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, முதல் மூன்று வாய் சோற்றையாவது ருசி தெரிந்து சாப்பிடுங்கள். சமைத்தவர் யாரோ, அவரிடம் குழம்பு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை, வகுப்பு இல்லை, செயலியும் வேண்டாம்.